நான் பேசாதிருந்த நிமிடங்கள்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், மண்டூர்ப் பக்கத்துப் பாடசாலையொன்றில் சித்திர ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில், மூன்றாம் தவணைப் பரீட்சை முடிந்த வாரத்தில் தரம் 6, 7 மாணவர்களுக்குத் திரைப்படம் காட்டும் வழக்கமொன்றை ஏற்படுத்தியிருந்தேன். ஒரு மடிக்கணினி, இரவல் வாங்கிய புரொஜெக்டர், மண்டபச் சுவரில் இழுத்துக் கட்டிய வெள்ளை வேட்டி ஆகியவற்றுடன் காரியம் நடந்தது. நான் தெரிந்தெடுத்தவை பெரும்பாலும் ஜப்பானிய அசைவூட்டப் படங்கள். அவற்றின் ஆங்கில வரிகளை வாசித்து, பாத்திரங்கள் பேசுவதைத் திரைக்கருகில் நின்று உடனுக்குடன் தமிழில் சொல்வது என் பொறுப்பு. அதனால் ஒரு படம் எவ்வளவு பேசுகிறது, எங்கே பேசாமல் விடுகிறது என்பதை என் தொண்டை கணக்கு வைத்திருந்தது.

முதலில் காட்டியது ஹயாவோ மியாசாகி 2001இல் இயக்கிய ‘ஸ்பிரிட்டட் அவே’. பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருதையும் பின்னர் ஒஸ்கார் விருதையும் பெற்ற படம் என்பதெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்குத் தேவைப்படவில்லை. தாயும் தகப்பனும் பன்றிகளாகிவிட, தன் பெயரையும் பறிகொடுத்துத் தெய்வங்களின் குளிப்பகத்தில் வேலைக்குச் சேரும் சிஹிரோ என்ற சிறுமி, ஒரு சோற்று உருண்டையைக் கடித்தபடி பெரும் பெரும் கண்ணீர்த் துளிகள் உதிர அழும் இடத்தில் மண்டபமே அடங்கிப்போயிற்று. நாற்றமெடுக்கும் ஒரு தெய்வத்தின் விலாவிலிருந்து துருத்தி நின்ற சைக்கிளைச் சிஹிரோ இழுக்க, அதன் பின்னால் குப்பை மலையாக வந்து கொட்டி, வந்திருப்பது ஓர் ஆற்றுத் தெய்வம் என்று தெரியவரும்போது பிள்ளைகள் எழுந்து நின்று கத்தினார்கள். ஆறு ஒன்றைத் துப்புரவாக்கச் சென்றபோது உள்ளேயிருந்து சைக்கிளொன்றை இழுத்தெடுத்த தம் அனுபவத்தையே மியாசாகி அங்கே வைத்திருக்கிறார். வாவியில் வலை வீசும் தகப்பன்மாரின் பிள்ளைகளுக்கு அதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. மீனோடு பொலித்தீனும் ஏறி வருவதை அவர்கள் நாள்தோறும் பார்க்கிறவர்கள்.

பின்னர் அந்தப் புகையிரதம் வந்தது. கடல் போல் விரிந்த நீருக்குள் தண்டவாளம் மறைந்து கிடக்க, அதன்மேல் ஓடும் வண்டியில் சிஹிரோவும் முகமற்ற ஓர் உருவமும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார்கள். நிழல் போன்ற பயணிகள் இறங்கிப் போகிறார்கள். இசையமைப்பாளர் ஜோ ஹிசாயிஷியின் பியானோ மட்டும் ஒலிக்கிறது. சொல்வதற்கு எனக்கு ஒரு வரியும் இல்லை. குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்கு ஒவ்வொரு நாளும் ‘பாதை’ என்று நாம் சொல்லும் மிதவைப் படகில் வாவியைக் கடந்து வரும் நான், மோட்டார் சைக்கிளின்மேல் சாய்ந்து நின்று நீரைப் பார்க்கும் அதே மனநிலையில் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். “சேர், இது நம்மட பாதை மாதிரியே போகுது” என்று முன்வரிசைப் பையனொருவன் மெல்லச் சொன்னான். மறுநாள் சித்திரப் பாடத்தில் வாவிக்கரைக் கண்ணா (அலையாத்தி) மரங்களுக்கு நடுவே ஓடும் புகையிரதங்களும், தோணியில் குந்தியிருக்கும் முகமற்ற உருவங்களும் தாள் தாளாக வந்தன.

மியாசாகி அமெரிக்க விமர்சகர் ரொஜர் ஈபர்ட்டுடன் உரையாடியபோது, தம் கைகளைச் சில தடவை தட்டிக் காட்டி, தட்டல்களுக்கு நடுவே உள்ள வெறுமையை ஜப்பானிய மொழியில் ‘மா’ என்பார்கள் என்று விளக்கியிருக்கிறார். நான் பேசாமல் நின்ற நிமிடங்களுக்கு அப்படியொரு பெயர் இருப்பதைப் பிறகுதான் வாசித்து அறிந்தேன்.

பெருந்தொற்றுக்குப் பின் பாடசாலைகள் வழமைக்குத் திரும்பியதும், ‘ஸ்பிரிட்டட் அவே’யை உருவாக்கிய அதே ஸ்டூடியோ ஜிப்லி 2020இல் வெளியிட்ட ‘ஏர்விக் அண்ட் த விட்ச்’ படத்தைப் பெரும் ஆவலோடு எடுத்துச் சென்றேன். இயக்கியவர் மியாசாகியின் மகன் கோரோ. மூலக்கதை ஆங்கில எழுத்தாளர் டயானா வின் ஜோன்ஸ் எழுதியது. தந்தை 2004இல் ஓர் அருமையான படத்தை உருவாக்கியதும் இதே எழுத்தாளரின் வேறொரு நாவலிலிருந்துதான். ஆகவே கதைப் பஞ்சம் என்று சொல்ல வழியில்லை. ஜிப்லி முழுவதுமாகக் கணினியில் முப்பரிமாணமாக உருவாக்கிய முதல் முழுநீளப் படம் இது என்பதால், பலரும் கணினியையே குற்றம் சாட்டினார்கள். தலைமயிர் வார்த்தெடுத்த பொம்மையின் மயிர் போலவும், முகங்கள் உணர்ச்சி ஏறாத வழுவழுப்போடும் இருந்தது உண்மைதான். சித்திர ஆசிரியனாக அது என்னையும் வருத்தியது. ஆனாலும் அதைப் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் மறந்துவிட்டார்கள். அவர்களைச் சோர்வடையச் செய்தது வேறொன்று. அநாதை இல்லத்திலிருந்து சூனியக்காரியின் வீட்டுக்குத் தத்துப் போகும் அந்தச் சிறுமி, படத்தின் பெரும்பகுதியில் அந்த வீட்டை விட்டு வெளியேறுவதில்லை. உள்ளே வாக்குவாதம், கட்டளை, மருந்து அரைத்தல், மீண்டும் வாக்குவாதம். சுமார் 80 நிமிடப் படத்தில் நான் மூச்செடுக்க இடமின்றிப் பேசிக்கொண்டே இருந்தேன். சிஹிரோ பயந்து, தடுமாறி, வேலை பழகி வளர்கிறாள். இவளோ எல்லோரையும் தன் விருப்பப்படி ஆட்டுவிக்கத் தொடக்கத்திலேயே அறிந்தவள்; அதனால் பிள்ளைகள் அவளுக்காக அஞ்சவும் இல்லை, அழவும் இல்லை.

இறுதியில் கதவு திறக்கிறது, எதிர்பாராத ஒருவர் வாசலில் நிற்கிறார், படம் முடிந்துவிடுகிறது. “கரண்ட் போயிற்றா சேர்?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். அவள் உண்மையாகவே கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல இயலாத அளவுக்கு மனம் கனத்தது; நான் நேசித்த ஒரு பட்டறையிலிருந்து வந்த படத்தை, நான் நேசித்த பிள்ளைகளிடம் கொடுத்து ஏமாற்றிவிட்டதாகவே உணர்ந்தேன்.

மடிக்கணினியை மூடப் போனபோது பெயர்ப் பட்டியலோடு கையால் வரைந்த சித்திரங்கள் வரத் தொடங்கின. அந்த வீட்டாரின் பின்னாளைய வாழ்க்கையைக் காட்டும், கோடும் வண்ணமும் உயிர்த்துடிப்புள்ள சித்திரங்கள். புத்தகப் பையைத் தோளில் போட்டிருந்த பிள்ளைகள் நின்று திரும்பினார்கள். நான் ஒவ்வொரு சித்திரத்திலும் படத்தை நிறுத்தினேன். அவர்கள் ஒருவர் பின் ஒருவராக வேட்டிக்கு மிக அருகில் வந்து, விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அன்று மாலை முதற்தடவையாக நான் வாய்மூடி நின்றேன்.