வான் மியூ கல்வெட்டில் ஒரு பெயரைத் தேடியபோது

ஹனோயில் தெருக்களுக்கும் பள்ளிகளுக்கும் பழைய அறிஞர்களின் பெயர்கள்தான். பிரெஞ்சுக்காரர்கள் 1908இல் தொடங்கிய மேற்கு ஏரிக்கரைப் பள்ளிக்கு இன்று சூ வான் ஆன் பெயர். லுவாங் தே வின் பெயரிலும் பள்ளி உண்டு. அவர் 15ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர். யானையைப் படகில் ஏற்றி எடை போட்டார் என்று கதை சொல்வார்கள் (சீனாவிலும் இதே கதை வேறொருவர் பெயரில் உலவுகிறது). நானும் கணக்குப் படித்தவன் என்பதால், வான் மியூ கல்வெட்டுகளில் அவர் பெயரை நேரில் பார்த்துவிட ஆசை. போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று வழியை எழுதி வைக்கிறேன்.

வான் மியூ ஹனோயில் 1070இல் கட்டிய கன்பூசியஸ் கோயில். 1076இல் அங்கேயே அரசுக் கல்விக்கூடமும் வந்தது. அரசு நடத்திய உயர்தேர்வில் தேறியவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டும் வழக்கத்தை 1484இல் தொடங்கியவர் மன்னர் லே தான் தோங். ஆமை முதுகில் நிற்கும் 82 கற்கள் மிச்சமிருக்கின்றன. அவற்றில் உள்ளவை 1442 முதல் 1779 வரை நடந்த தேர்வுகள்.

பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஒரு கல்லுக்கு ஒரு தேர்வு, அதனால் முதலில் தெரிய வேண்டியது தேர்வு ஆண்டு. அதையும் அறுபது ஆண்டுச் சுழற்சிப் பெயரோடு வைத்துக்கொள்ளுங்கள், நம் பிரபவ, விபவ மாதிரிதான். லுவாங் தே வின் முதலிடம் பெற்றது 1463, அதாவது குய் முய் ஆண்டு. ஆண்டைப் பார்க்கும்போதே சிலர் பட்டியலிலிருந்து விழுந்துவிடுவார்கள். கவிஞரும் அரசியல் அறிஞருமான நுயென் ட்ராய் தேறியது 1400இல், கல்வெட்டுகள் தொடங்கும் முன். புகழ்பெற்ற கவிஞர் நுயென் பின் கியெம் 1535இல் முதலிடம் பெற்றவர். ஆனால் அது லே வம்சத்திடமிருந்து அரியணையைப் பறித்த மாக் வம்சத்தின் ஆட்சி, அந்தத் தேர்வுக்குக் கல்லே இல்லை. எவ்வளவு பெரிய ஆள்! எனக்கு இது கொஞ்சம் அநியாயமாகத்தான் பட்டது.

கல்லை நேரில் பார்ப்பது சுலபம், படிப்பதுதான் பாடு. தேர்வு எழுதப் போகும் மாணவர்கள் ஆமைத் தலையைத் தடவித் தடவித் தேய்த்ததால் இப்போது தடுப்புப் போட்டிருக்கிறார்கள். தள்ளி நின்று போனில் பெரிதாக்கிப் பார்த்தால் சாம்பல் நிறக் கல்லில் சாம்பல் நிறக் கோடுகள்தான்.

அதனால் மைப்படி (கல்லின் மேல் தாளை ஒட்டி, மை தடவி எடுக்கும் படி) பார்க்க ஹான் நோம் ஆய்வு நிறுவனத்துக்குப் போனேன். வியட்நாமில் பழைய காலத்தில் புழங்கிய சீன எழுத்துக்கும் நோம் எழுத்துக்குமான நிறுவனம் அது. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் நாடு முழுக்க எடுத்த 20,000க்கும் மேற்பட்ட மைப்படிகள் அங்கே இருக்கின்றன. இதற்கு உள்ளூர் நிறுவனம் ஒன்றின் அறிமுகக் கடிதம் வேண்டும், சிவப்பு முத்திரையோடு. முத்திரை இல்லாவிட்டால் யார் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது வெறும் காகிதம். நான் வேலை பார்த்த அலுவலகம், வேலைக்குச் சம்பந்தமில்லை என்று கையை விரித்துவிட்டது. கடைசியில் எனக்கு வியட்நாமிய மொழி சொல்லிக் கொடுத்த ஆசிரியை தன் துறையில் பேசி வாங்கித் தந்தார். "வரலாற்று ஆய்வு என்று பொதுவாக எழுதாதே, எந்தத் தேர்வு, எந்தக் கல் என்று எழுது" என்றார். அந்த ஒரு வரிதான் வேலையை முடித்தது. அங்கிருந்த அம்மா கடிதத்தைப் படித்ததும் வேறு எதுவும் கேட்காமல் படிவத்தை நீட்டினார். அப்புறம் பாஸ்போர்ட் நகல், வழக்கமான சடங்குகள்.

இந்த நிறுவனத்து நூல்களுக்கு 1993இல் மூன்று தொகுதிகளாக ஓர் அட்டவணை வந்தது. பதிப்பித்த இருவரில் ஒருவர் ட்ரான் ஙியா, இன்னொருவர் பிரான்சுவா குரோ. ஆம், பரிபாடலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த அதே குரோ! ஹனோயில் அந்தப் பெயரைப் பார்ப்பேன் என்று நான் நினைக்கவே இல்லை.

எனக்குக் கிடைத்தது ஸ்கேன் செய்த படம். கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்துகள். வலமிருந்து இடமாக, மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். முதலில் நீண்ட முன்னுரை வரும், அதைத் தாண்டி இடப்பக்கம் போனால்தான் பெயர்கள். தேறிய 44 பேரில் முதல் ஆள் என்பதால் லுவாங் தே வின் உடனே கண்ணில் பட்டார். பெயரை ஒட்டியே அவருடைய மாவட்டம் தியென் பான்.

ஹுவேயைத் தலைநகராகக் கொண்டு பின்னால் ஆண்ட நுயென் வம்சக் காலத்தவரைத் தேடுகிறவர்கள் ஹனோயில் அலைய வேண்டாம். 1822 முதல் 1919இல் நடந்த கடைசித் தேர்வு வரைக்குமான கற்கள் ஹுவே நகரத்து வான் மியூவில் இருக்கின்றன.