கர்ப்பகாலத் தடுப்பூசிகள்: லண்டனில் எனக்கு வழிகாட்டிய மருந்தாளுநர்

ஈஸ்ட் ஹாம் மருந்துக் கடைக்கு இரும்புச்சத்து மாத்திரை வாங்கப் போனபோதுதான், இங்கே கர்ப்பிணிகளுக்கு மூன்று தடுப்பூசிகள் இலவசம் என்று தெரிந்துகொண்டேன். மருந்துச் சீட்டைப் பார்த்ததுமே, "எத்தனையாவது வாரம்? ஃப்ளூ ஊசி போட்டாயிற்றா?" என்று மருந்தாளுநர் கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டிருக்கவில்லை.

அத்தை உடன் வந்திருந்தார். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது ஃப்ளூ ஊசியா என்று அவருக்குப் பதற்றம். மருந்தாளுநர் யாழ்ப்பாணத்துக்காரர். அத்தையிடம் திரும்பி, "அம்மா, உங்களுக்கும் மாசமாக இருந்தபோது டெட்டனஸ் ஊசி போட்டிருப்பார்களே?" என்றார். ஊசியில் இருப்பது செயலிழந்த கிருமி, அதனால் ஃப்ளூ வராது. தாய்க்கு உண்டாகும் எதிர்ப்புச்சக்தி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும் என்று விளக்கினார். மூக்கில் தெளிக்கும் மருந்தில் உயிருள்ள கிருமி இருப்பதால் அது கர்ப்பிணிகளுக்குக் கிடையாது என்பதையும் அவரே சொன்னார். பின்னால் வரிசை நின்றது, அவர் அவசரப்படவில்லை. மருத்துவரிடம் கேட்கத் தயங்கும் கேள்விகளையெல்லாம் அத்தை அங்கே கேட்டுத் தெளிந்தார்.

உள்ளறையில் ஒவ்வாமை உண்டா, இன்று காய்ச்சல் இருக்கிறதா என்று விசாரித்து, ஒப்புதல் பெற்று ஊசி போட்டார். மறுநாள் கை வலித்தது, அவ்வளவுதான்.

கக்குவான் இருமல் ஊசி அந்தக் கடையில் இல்லை. அதை 16 வாரத்திலிருந்து போடலாம், 32 வாரத்துக்குள் போட்டுக்கொள்வது நல்லது என்றார். 2012இல் அந்த இருமல் பரவிக் கைக்குழந்தைகள் இறந்த பிறகுதான் இங்கிலாந்தில் கர்ப்பிணிகளுக்கு இதைப் போடத் தொடங்கினார்கள். மருத்துவ மையத்தில் கேட்டால் மகப்பேறு பிரிவைக் கேட்கச் சொன்னார்கள். அங்கே கேட்டால் மருத்துவ மையத்தைக் கை காட்டினார்கள். எனக்குக் கடும் கோபம் வந்தது. வாரக் கணக்குப் பார்த்துப் போட வேண்டிய ஊசிக்கு ஒரு கர்ப்பிணியை இப்படி அலையவிடலாமா? மருந்தாளுநரிடம் போய்ச் சொன்னேன். தொலைபேசியில் பேசாமல், எத்தனையாவது வாரம் என்பதைக் குறிப்பிட்டு, செவிலியரின் நேரம் வேண்டும் என்று மருத்துவ மையத்துக்கு எழுதிக் கேட்கச் சொன்னார். அப்படிக் கேட்ட பிறகே நேரம் கிடைத்தது.

மூன்றாவது ஆர்.எஸ்.வி. ஊசி. பச்சிளங்குழந்தைகளை மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கிருமி அது. 2024 செப்டம்பரிலிருந்து 28 வாரம் ஆன கர்ப்பிணிகளுக்கு இதைப் போடுகிறார்கள். எனக்கு மகப்பேறு பரிசோதனைக்குப் போன இடத்திலேயே போட்டுவிட்டார்கள். அடுத்த முறை கருவுற்றால் மூன்றையும் மறுபடி போட வேண்டும்.

என் கணவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரை வாங்குவதும் அதே கடையில்தான். அவருக்கும் ஃப்ளூ ஊசி இலவசம், அக்டோபரில் வரச் சொல்லுங்கள் என்று மருந்தாளுநர் சொல்லியிருந்தார். இந்த முறை அத்தையே மகனை அனுப்பிவைத்தார்.