சினிமா ஷூட்டிங் நாட்களையும் பயிற்சி நோட்டில் எழுதுங்கள்

2016 ரியோ ஒலிம்பிக்கில் கிரீஸுக்காக 10,000 மீட்டர் ஓடிய அலெக்ஸி பப்பாஸ் 31 நிமிடம் 36.16 விநாடியில் முடித்தார். அது அப்போது அந்நாட்டின் தேசியச் சாதனை ஆனது. அவர் நடித்து, ஜெரமி டைக்கருடன் சேர்ந்து இயக்கிய முழுநீளப் படம் திரையிடப்பட்டதும் அதே ஆண்டுதான். ஓட்டத்தையும் சினிமாவையும் சேர்த்துச் செய்ய நேரத்தைப் பிரித்துக்கொண்டால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இரண்டையும் செய்கிறவர்களுக்குத் தெரியும், பற்றாமல் போவது நேரம் அல்ல, களைத்த உடம்பு தேறுவதுதான். கதை எழுதுவதும் ஷூட்டிங்கும் ஓட்டத்தைப் போலவே ஒரு சுமை. அதையும் பயிற்சி நோட்டில் ஏற்ற வேண்டும்.

எழுத்து வேலைக்குக் காலை ஓட்டம் முடிந்து, சாப்பிட்டபின் வரும் மூன்று மணி நேரம் நன்றாக அமையும். ஸ்பீடு பயிற்சி, லாங் ரன் உள்ள நாட்களில் புதிதாக எதையும் எழுத உட்கார வேண்டாம். பிழை பார்க்கலாம், எடிட் செய்யலாம். முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்காவிட்டால் இடுப்பு இறுகி, மாலை ஓட்டத்தில் அடி குறுகிவிடும். மதியத் தூக்கத்தில் கைவைக்கவே கூடாது. அதைத்தான் எல்லாரும் முதலில் வெட்டுகிறார்கள். சில வாரங்களில் கெண்டைக்காலோ குதிகால் தசைநாணோ பிடித்துக்கொள்ளும்.

ஷூட்டிங் வேறு கதை. பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி இருப்பது கால்களுக்கு லாங் ரன்னைவிட மோசம். சீசன் முடிந்து பயிற்சி குறையும் மூன்று, நான்கு வாரங்களில் வைத்துக்கொள்வதே நல்லது. ஓடும் காட்சிகளில்தான் காயம் அதிகம். 200 மீட்டரைப் பதினைந்து டேக் ஓடினால் 3 கிலோமீட்டர் வேக ஓட்டம். அந்த வாரம் ஒரு ஸ்பீடு பயிற்சியைக் கழித்துவிட வேண்டும். லைட் மாற்ற இருபது நிமிடம் ஆகும்போது உடம்பு ஆறிவிடுகிறது. "ரெடி" என்றதும் பாய்ந்தால் தொடையின் பின்தசை கிழியும். காத்திருக்கும்போது டிராக்சூட் போட்டிருங்கள். டேக்குக்கு முன் இரண்டு நிமிடம் மெல்ல ஓடி, 60 மீட்டர் இரண்டு முறை வேகமெடுங்கள். இந்த நேரத்தையும் கால்ஷீட்டிலேயே எழுதிக் கேட்டு வாங்க வேண்டும்.

வேகத்திலும் பொய் கூடாது. பாத்திரம் 10,000 மீட்டரை 31:36-இல் ஓடுபவர் என்றால் 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு ஏறத்தாழ 76 விநாடி, 100 மீட்டருக்கு 19. அதைவிட மெதுவாக ஓடி நடித்தால் பாதம் ஊன்றும் விதமே மாறிவிடும். ஓட்டம் தெரிந்தவர் கண்டுபிடித்துவிடுவார். வியர்வையையும் கவனிக்க வேண்டும். கறுப்பு பனியனில் அது காய்ந்ததும் உப்புக் கோடு விழும். அடுத்த ஷாட்டோடு ஒட்டாது. ஒரே மாதிரி மூன்று பனியன், தண்ணீர் ஸ்பிரே ஒன்று கையில் இருக்கட்டும்.

ஷூ ஒப்பந்தத்தைக் கதை எழுதும்போதே எடுத்துப் படியுங்கள். பாத்திரம் வேறு கம்பெனி ஷூ அணிந்தால் ஸ்பான்சர்ஷிப் போகலாம். எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஒலிம்பிக் சமயத்தில் வீரர்கள் விளம்பரங்களில் தோன்றுவதை ஒலிம்பிக் சாசனத்தின் 40ஆம் விதி கட்டுப்படுத்துகிறது. விளையாட்டுக் கிராமத்துக்குள் கேமராவுக்குத் தனி அனுமதி தேவை. 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் பப்பாஸும் டைக்கரும் படமெடுக்க முடிந்தது, சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி கலைஞர்களை அழைக்கும் திட்டத்தின் வழியாகத்தான். பெரிய யூனிட்டுக்கு அங்கே இடமில்லை என்பதால் கேமராவை டைக்கரே கையாண்டார்.