அந்தத் தலையாட்டலைத் தடுத்தது பற்றி

சுற்றுலாக் குழுவை வெளிநாட்டுக்கு அழைத்துப்போகும் வேலையில், "இங்கே விளையாட்டுப் பேச்சு வேண்டாம்" என்று சொல்ல வேண்டிய சில இடங்களில் எந்தச் சந்தேகமும் கிடையாது. முதலாவது, விமான நிலையப் பாதுகாப்புச் சோதனை. பையில் என்ன என்று கேட்கும் அதிகாரியிடம் வேடிக்கையாக "வெடிகுண்டு" என்றால், அவர் அதை மிரட்டலாக எடுத்துக்கொண்டுதான் நடவடிக்கை எடுக்க வேண்டும். விமானம் தவறும், பல நாடுகளில் அபராதம், கைது வரை போகும். தாய்லாந்தில் அரச குடும்பத்தைப் பற்றிய கேலி இன்னும் ஆபத்தானது. அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 112ஆம் பிரிவின்படி, அரசரை அவமதித்தால் ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டுகள் சிறை. வெளிநாட்டவர் என்பதால் தப்ப முடியாது. இவற்றைச் சொல்லும்போது நான் தயங்கியதில்லை. பல்கேரியாவில் ஒரு விடுதி வரவேற்பில் சொன்ன ஒரு வாக்கியம்தான் இன்னும் உறுத்துகிறது.

நெடுநேரப் பயணம் முடிந்து குழு வந்து சேர்ந்த இரவு அது. பெரியவர் ஒருவர் அறை தயாரா என்று கேட்டார். வரவேற்பில் இருந்த பெண் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். இவர் முகம் வாடித் திரும்பியபோது, அந்தப் பெண் சாவியை எடுத்து நீட்டினார். அங்கே அப்படி ஆட்டினால் "ஆம்" என்று அப்போதுதான் பெரியவருக்கு நினைவு வந்தது. வாய்விட்டுச் சிரித்தபடி அவரும் அதேபோலத் தலையை ஆட்டிக் காட்டினார். "சார், வேணாம். கிண்டல் பண்ற மாதிரி தெரியும்," என்றேன். அவர் உடனே நிறுத்திவிட்டார்.

தடுத்ததற்குக் காரணம் உண்டு. ஒருவருடைய உடலசைவை அவர் முன்னாலேயே செய்து காட்டும்போது, செய்பவருக்கு அது கூடி விளையாடுவது. எதிரில் இருப்பவருக்குத் தன்னையே நடித்துக் காட்டுவது. 1992 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவுக்குப் போன அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், காருக்குள்ளிருந்து புறங்கை வெளியே தெரியும்படி இரண்டு விரல்களைக் காட்டினார். அவர் நல்லெண்ணத்தில் காட்டியது அங்கே ஆபாசமான வசவு. ஆலோசகர்கள் புடைசூழப் போனவருக்கே அப்படி என்றால், களைத்துப்போன ஒரு பயணியை நான் எப்படி அவர்போக்கில் விட முடியும்?

இப்படி நினைத்துச் சமாதானம் ஆவேன். பிறகு அந்தப் பெண்ணின் முகம் நினைவுக்கு வரும். நான் பேசத் தொடங்கியபோது அவருடைய உதடுகள் அசையத் தொடங்கியிருந்தன. சிரிக்கப் போனாரா, முகம் சுளிக்கப் போனாரா என்று பார்க்க இன்னொரு நொடி வேண்டும். அந்த நொடியை நான் கொடுக்கவில்லை. இதைவிட வலிக்கும் கேள்வி ஒன்றும் உண்டு. அவருக்குப் புரியாத மொழியில், தணிந்த குரலில் நான் ஏதோ சொல்ல, சிரித்துக்கொண்டிருந்த பெரியவர் சட்டென்று அடங்கினால் அந்தப் பெண் என்ன நினைப்பார்? தன்னைத்தான் கேலி செய்தார்கள் என்பதற்கு நானே சாட்சி சொன்னதுபோல ஆகியிருக்கலாம்.

அதனால்தான் இப்போது குழுவினரிடம், உள்ளூர்க்காரர் முன்னால் நம் மொழியில் பேசிச் சிரித்தால் எதற்காகச் சிரித்தோம் என்பதை அவருக்கும் சொல்லிவிடச் சொல்கிறேன். மொழி தெரியாவிட்டால் சைகை போதும்: முதலில் நம்மை நோக்கிக் கை, பிறகு நாம் குழம்பிய விஷயத்தை நோக்கி. எதிரில் இருப்பவரை நோக்கி விரல் போகவே கூடாது. சொல்வதற்கு நேர்மாறான பொருள் வைத்துப் பேசும் குத்தல் நகைச்சுவையையும் தவிர்க்கச் சொல்கிறேன். அது குரலின் ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது; இரு தரப்புக்கும் இரண்டாம் மொழியான ஆங்கிலத்தில் அது காணாமல் போய், சொன்ன சொல் மட்டும் நிற்கும். "அருமையான சேவை!" என்று தாமதத்தைக் கேலி செய்தால் நன்றி என்று பதில் வரும், தாமதம் தொடரும்.

மறுபக்கமும் இருக்கிறது. ஜப்பானிலும் தாய்லாந்திலும் தவறு செய்துவிட்ட ஊழியர் புன்னகைப்பதை அடிக்கடி பார்க்கலாம். சங்கடமும் மன்னிப்பும் கலந்த புன்னகை அது. பெட்டி வந்து சேராத பயணி அதை ஏளனம் என்று எடுத்துக்கொண்டு கத்துவார். அந்த நேரத்தில் விளக்கம் எதுவும் தலையில் ஏறாது. உட்கார இடம், குடிக்கத் தண்ணீர், சாப்பிட ஏதாவது, அதன் பிறகே பேச்சு. பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் இருப்பவரிடம் நகைச்சுவை உணர்வை எதிர்பார்ப்பது கொடுமை.

பல்கேரியாவுக்கென்று ஒரு தனிக் குறிப்பு. "இல்லை" என்பதற்கு அங்கே தலையை வெடுக்கென்று மேலே தூக்குவார்கள். வெளிநாட்டவரோடு பழகிய சிலர் நமக்காக மாற்றி ஆட்டுவதும் உண்டு. குழப்பம் இரட்டிப்பாவது அங்கேதான். தலையைப் பார்க்காமல் வாய்ச்சொல்லைக் கேட்டு வாங்குவதே வழி: "டா" என்றால் ஆம், "நே" என்றால் இல்லை. இந்தக் குறிப்பை அந்தக் குழுவுக்கும் முன்கூட்டியே கொடுத்திருந்தேன். கொடுத்தும், அலுப்பில் எல்லாருக்கும் மறந்துபோனது. மறந்ததை நினைத்து முதலில் சிரித்தவர் அந்தப் பெரியவர்தான். பேருந்து தாமதமானாலும் மழை பிடித்தாலும் குழுவின் முகம் சுருங்காமல் பார்த்துக்கொண்டவரும் அவரே. அந்த இரவுக்குப் பிறகு மரியாதையாகவும் அமைதியாகவும் வந்தார். குழுவில் முணுமுணுப்பு கூடியது. அதற்கும் நான் சொன்னதற்கும் தொடர்பு இல்லாமலும் இருக்கலாம். பயணத்தின் பிற்பாதியில் எல்லாக் குழுவும் சலித்துக்கொள்ளும்.

"அவங்க செய்யற மாதிரியே செஞ்சு காட்டலாமா?" என்று குழுவில் யாராவது கேட்டால், அவர்களாகவே சொல்லிக்கொடுத்தால் மட்டும் செய்யுங்கள் என்கிறேன். பாதுகாப்பான பதில். அந்தப் பெண் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனாலும், அன்று நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.