ஈஜேபி 2-இல் கிரியேட் மெத்தட் எழுதும்போது

குலசேகரம், அருமனைப் பக்கத்து ரப்பர் கொள்முதலைப் பதிவு செய்யும் பழைய ஜாவா மென்பொருள் ஒன்றை நாகர்கோவிலில் வீட்டிலிருந்தபடி இன்னமும் பராமரித்து வருகிறேன். பெரிய நிறுவன மென்பொருள்களுக்கான ஜாவா கட்டமைப்பான ஈஜேபி (என்டர்பிரைஸ் ஜாவாபீன்ஸ்) 2.0-இல் எழுதப்பட்டது அது. ரப்பர் ஷீட்டுக்கும் ரப்பர் பாலுக்கும் புதிய பதிவை உருவாக்க ஏற்கெனவே இருந்த கிரியேட் மெத்தடுகளோடு, ஒட்டுப்பாலுக்கும் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டிய ரப்பர்) ஒன்று சேர்க்க வேண்டியிருந்தது. ஒரு மணி நேர வேலை என்று நினைத்தது இரண்டு நாளை விழுங்கியது.

ஈஜேபியில் நிரலின் ஒவ்வொரு கூறும் ஒரு பீன். அதை உருவாக்க வெளியிலிருந்து அழைக்கும் மெத்தடுகளை அறிவிக்கும் இடம் ஹோம் இன்டர்ஃபேஸ்; உண்மையான வேலையைச் செய்யும் நிரல் பீன் கிளாஸ். ஹோம் இன்டர்ஃபேஸில் உள்ள ஒவ்வொரு கிரியேட் மெத்தடுக்கும், பீன் கிளாஸில் ஈஜேபிகிரியேட் என்று தொடங்கும் இணை மெத்தட் ஒன்று, அதே பின்னொட்டோடும் அதே ஆர்குமென்டுகளோடும் இருக்க வேண்டும். பீன் கிளாஸ் ஹோம் இன்டர்ஃபேஸை இம்ப்ளிமென்ட் செய்வதில்லை என்பதால் இந்தப் பொருத்தத்தைக் கம்பைலர் பார்ப்பதே இல்லை. சர்வரில் ஏற்றி டிப்ளாய் செய்யும்போதுதான் குட்டு உடையும். பின்னொட்டின் முதல் எழுத்தை ஓரிடத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்தாகவும் மற்றோரிடத்தில் சிறிய எழுத்தாகவும் நான் அடித்திருந்ததைக் கண்டுபிடிப்பதிலேயே முதல் நாள் போயிற்று.

ஈஜேபிகிரியேட் மெத்தட் பப்ளிக்காக இருக்க வேண்டும். ஃபைனலாகவோ ஸ்டாட்டிக்காகவோ இருக்கலாகாது. ஹோமில் உள்ள கிரியேட், உருவாக்கம் தோற்றால் எழும் பிழையான கிரியேட்எக்ஸெப்ஷனைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும். தொலைவிலிருந்தும் அழைக்கக்கூடிய ரிமோட் ஹோம் என்றால் ரிமோட்எக்ஸெப்ஷனும் உண்டு, லோக்கல் ஹோமில் அது கூடாது. அழைப்புகளுக்கிடையே எதையும் நினைவில் வைக்காத ஸ்டேட்லெஸ் செஷன் பீனுக்கு ஆர்குமென்ட் இல்லாத ஒரே ஒரு கிரியேட்தான்.

தரவுத்தளப் பதிவு ஒன்றைக் குறிக்கும் என்டிட்டி பீனில்தான் சிக்கல். அங்கே ஈஜேபிகிரியேட்டின் ரிட்டர்ன் டைப் (அது திருப்பும் மதிப்பின் வகை), பதிவை அடையாளம் காட்டும் பிரைமரி கீயின் வகையாக இருக்க வேண்டும். ஆனால் தரவுத்தளச் சேமிப்பை, பீன்களை இயக்கும் சூழலான கன்டெய்னரே கவனிக்கும் பீனில் நாம் திருப்புவதோ வெறும் நல் (மதிப்பு எதுவும் இல்லை என்பதன் குறி). வகையை அறிவித்துவிட்டு வெறுங்கையை நீட்டும் இந்த ஏற்பாடு எனக்கு இன்றும் நெருடலாகத்தான் இருக்கிறது. காரணம் இல்லாமல் இல்லை: ஈஜேபிகிரியேட் முடிந்து, நிரப்பப்பட்ட ஃபீல்டுகளிலிருந்து கன்டெய்னர் கீயை எடுத்துக்கொள்ளும் வரை அந்தப் பீனுக்கு அடையாளமே கிடையாது. அடையாளம் இல்லாத ஒன்றை வேறொரு பீனோடு உறவுபடுத்த முடியாது. அதற்காகத்தான் ஒவ்வொரு ஈஜேபிகிரியேட்டுக்கும் அதே ஆர்குமென்டுகளோடு, எதையும் திருப்பாத ஈஜேபிபோஸ்ட்கிரியேட் ஒன்றை எழுதச் சொல்கிறது விதி.

நானோ, ஒட்டுப்பால் பதிவைத் தோட்டக்காரரின் பதிவோடு இணைக்கும் வரியை ஈஜேபிகிரியேட்டுக்குள்ளேயே வைத்திருந்தேன். போஸ்ட்கிரியேட் காலியாகக் கிடந்தது. 2006-இல் வந்த ஈஜேபி 3.0-இல் ஹோம் இன்டர்ஃபேஸே தேவையில்லை என்று ஆனதை நினைத்துப் பெருமூச்சு விட்டபடி, அந்த ஒரு வரியை வெட்டிக் கீழே ஒட்டினேன். இரண்டாம் நாள் மாலையில் முதல் ஒட்டுப்பால் பதிவு ஏறியது.