கெர்த்தா கோசாவின் கூரைக்குக் கீழே

பாலிக்குப் போகும் தமிழ்ப் பயணக் குழுக்களுக்கு நான் டூர் மேனேஜர். உள்ளூர் வழிகாட்டி ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்வதும் என் வேலைதான். கடற்கரை, குரங்குக் காடு, சந்தை எல்லாம் சுலபம். க்ளுங்குங் அரண்மனை வளாகத்தில் உள்ள கெர்த்தா கோசா மண்டபத்துக்கு வந்தால் மட்டும் எனக்கு நாக்கு எழாது.

அது அரசர் காலத்து நீதிமண்டபம். கூரையின் உட்புறம் முழுக்க ஓவியங்கள். குந்தி அனுப்பி வைக்க, பாண்டுவையும் மாத்ரியையும் மீட்டுவர பீமன் நரகத்துக்குப் போகிறான். நாம் கேட்டு வளர்ந்த பாரதத்தில் இல்லாத கதை என்பதால் எல்லோரும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பார்கள். பாவிகள் படும் பாடு வரிசையாக வரும். அந்த ஓவியக் கட்டங்களில் ஒன்றில் ஒரு பெண். அவள் மார்பில் வாய் வைத்துப் பால் குடிக்கிறது ஒரு பெரிய கம்பளிப்புழு. பிள்ளை பெறாதவளுக்கு மறுமையில் கிடைக்கும் தண்டனை அது.

ஒருமுறை நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் அந்தக் கட்டத்துக்குக் கீழேயே நின்றுவிட்டார். அவருக்குக் குழந்தை இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"இவள் என்ன பாவம் செய்தாளாம், அம்மா?"

சொன்னேன். மறைத்துச் சொல்ல மனம் வரவில்லை.

"வரைந்தது ஆண்தானே?" என்று கேட்டார்.

ஆமாம், கோடு போட்டது ஆண். ஆனால் வண்ணம் தீட்டியது ஒரு பெண்ணாக இருந்திருக்கலாம். இந்தப் பாணி பிறந்த காமாசான் கிராமம் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே காலங்காலமாக உருவத்தை ஆண்கள் வரைவார்கள், வண்ணத்தைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தீட்டுவார்கள். படம் வரையும் துணியை அரிசிமாவுக் கஞ்சியில் தோய்த்து, வெயிலில் காயவைத்து, சோழியால் அழுத்தித் தேய்ப்பார்கள். தேய்க்கத் தேய்க்க முரட்டுத் துணி காகிதம்போல வழவழப்பாகிவிடும். அப்படி வழவழப்பாக்கிய துணியைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். தன்னைப் போன்ற ஒருத்தியின் தண்டனைக்கு வண்ணம் தீட்டியவள் என்ன நினைத்திருப்பாள் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

கோடு போடும் இடத்துக்குப் பெண்கள் வந்தது சின்ன விஷயம் அல்ல. காமாசானின் மாங்கு முரியாத்தி தன் தந்தையிடம் ஓவியம் பயின்றவர், கோயில் பூசகரும்கூட. அவரிடம் இந்த மரபைக் கற்றுக்கொண்டவர் சித்ரா சஸ்மிதா. 1990-இல் பாலியின் தபானானில் பிறந்து, இலக்கியமும் இயற்பியலும் படித்து, 'பாலி போஸ்ட்' நாளிதழில் சிறுகதைகளுக்குப் படம் வரைந்தவர். 2019-இல் அவர் தொடங்கிய 'திமூர் மேரா' (சிவந்த கிழக்கு) என்ற ஓவிய வரிசையில் துணியும் கோடும் காமாசானுக்கு உரியவைதான். ஆனால் வீரர்களையும் அரசர்களையும் காணோம், எங்கும் பெண்கள். அவர்கள் உடலிலிருந்து மரம் கிளைக்கிறது, தீ எழுகிறது. கெர்த்தா கோசாவில் பெண்ணைச் சுடும் நெருப்பு இங்கே அவளுடைய சக்தியாகிவிடுகிறது. தெய்வத்துக்குத் தினமும் பூப்படையல் கட்டி வைக்கும் கைகள் பாலியில் பெண்களுடையவை. புராணப் படங்களில் மட்டும் ஏன் அவர்கள் சீதையாகவோ பாவியாகவோ சுருங்க வேண்டும்? இது என் கேள்வி. சித்ராவின் படங்களும் இதையே கேட்பதாக எனக்குப் படுகிறது.

2025-இல் லண்டன் பார்பிகன் கலை மையத்தில் நடந்த அவருடைய கண்காட்சியின் படங்களைக் கைப்பேசியில் வைத்திருக்கிறேன். அதில் தரையில் மஞ்சள்தூளைப் பரப்பிய ஒரு பகுதி உண்டு. அன்று பஸ்ஸில் அந்தப் பெண்மணியிடம் எல்லாவற்றையும் காட்டினேன். தலையிலிருந்து தீ எழும் பெண்ணை விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். "இவள் அழவில்லையே" என்றார். மஞ்சளைப் பார்த்ததும் பக்கத்து இருக்கைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

பின்னால் இருந்த பெரியவர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. பழைய கலையைக் கெடுக்கிறார்கள் என்றார். முரியாத்தியைப் பற்றி அவரிடம் சொன்னேன்: கோயிலில் பூசை செய்பவரே தூரிகையும் பிடிக்கிறார், அவரிடம் கற்றவர்தான் இவர் என்று. அவர் ஒப்புக்கொள்ளவில்லை; ஆனாலும் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார்.

இப்போதெல்லாம் அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போவதில்லை. குழுவை நிறுத்தி, புழுவைக் காட்டி, அதன் பொருளையும் சொல்லிவிடுகிறேன். பயணத் திட்டத்தில் காமாசானுக்கென்று ஒரு மணி நேரம் கேட்டு வாங்கியிருக்கிறேன். சந்தையில் அந்த அளவு நேரம் குறைகிறது. அதற்காக வரும் முணுமுணுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்.