கோப்பி

பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் என் காலை தொடங்குகிறது. சியோலில் ஹாக்வோன் எனப்படும் தனியார் பயிற்சி நிலையத்தில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். இரவு 10 மணிக்கு மூடியாக வேண்டும் என்பது இங்கே விதி. இல்லாவிட்டால் விடியவிடியப் படிக்கவைப்பார்கள்!

"எப்படி இருக்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டால் பன்னிரண்டு குரல்களும் ஒரே மூச்சில், "ஐ ஆம் பைன், தேங்க் யூ, அண்ட் யூ?" மூக்கொழுகிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனும் பைன்தான்.

கொரிய மொழியில் 'எஃப்' ஒலி இல்லை. காஃபி இவர்கள் வாயில் ஏறக்குறைய 'கோப்பி'. இன்று அதைத் திருத்தப்போய்ச் சிரித்துவிட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து டொராண்டோ வந்த அம்மம்மாவும் கடைசிவரை கோப்பிதான் கேட்டார். அவரையும் நான் விடாமல் திருத்தியிருக்கிறேன்.

பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். அடுத்த சொல்லுக்குப் போய்விட்டேன்.